‘செஞ்சாச்சு’ என்ற சொல்லுக்கு வாங்கிய அறை

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து காய்ந்த களிமண்ணில் விழுந்த விரிசல் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ‘ழ’வும் ‘ள’வும் ‘ல’வும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்று எழுந்து வரும். போன வாரப் பகுதியில் ‘சூளை’ என்பதை ‘சூலை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பத்திரிகையிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, “ஐயா, இது பொம்மை வேகிற இடமா, இல்லை வயிற்று வலியா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கூச்சத்தில் “பொம்மைங்க” என்று மட்டும் சொன்னேன்.

நான் தெரியாமல் தப்பாக எழுதுகிறவன். இந்த வாரம், தெரிந்தே எழுத்தின் கையையும் காலையும் வெட்டி எறிகிறவர்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலகை மேல் ஒரு தலை

பலகையின் மேல் ஒரு பெரியவரின் தலை இருந்தது. களிமண் தலை. காய்ந்துவிடக் கூடாது என்று கழுத்தைச் சுற்றி ஈரத்துணி போட்டிருந்தேன். காலை வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்து, சரியாக அவருடைய மூக்கின் மேல் நின்றது. நான் ஊசியால் மீசையைக் கீறிக்கொண்டிருந்தேன். அடர்ந்த மீசை. முடி முடியாகக் கீற வேண்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற சின்னப் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அந்தத் தலைக்கு உரியவர் கருவேப்பிலங்குறிச்சி கலியபெருமாள். நெல்லும் கரும்பும் போடுகிற விவசாயி. அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகன், அப்பாவுக்கே தெரியாமல், வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியாமல், அப்பாவைப் போலவே ஒரு பொம்மை செய்து மேடையில் வைக்க ஆசைப்பட்டார். எங்கள் பட்டறையில் சொல்லியிருந்தார்.

பெரிய உருவம். அதனால் உடம்பு தனி, தலை தனி. உடம்பு முதலில் சூளைக்குப் போயிற்று. தலையில் மீசை வேலை பாக்கி.

சூளையைப் பிரித்த ஏழுமலை, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“அண்ணே, உடம்பு போச்சிண்ணே.”

“எங்க போச்சி?”

“தொப்பையில வெடிச்சிடுச்சி. உள்ள ஈரம் நின்னுருக்குது.”

“சிங்கப்பூருக்குச் சொல்லிடு. இன்னொன்னு செய்வோம்.”

“இதோ, மெசேஜ் தட்டிடறேன்.”

தட்டினான். அதுதான் வினை.

ஏழுமலையின் பாஷை

ஏழுமலை என்னைவிடக் கொஞ்சம் இளையவன். பேரன் எடுக்கப் போகிற வயதுதான். ஆனால் அவன் போனில் இருக்கும் பெயர் ‘சம்பவம் ஏழுமலை’. பக்கத்தில் கர்ஜிக்கிற சிங்கத்தின் படம். வாழ்க்கையில் ஒரு பூனையைக்கூட விரட்டியவன் இல்லை.

டீ நன்றாக இருந்தால் “வேற லெவல்” என்பான். பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் “தரமான சம்பவம்” என்பான். முதலாளியையும் என்னையும் தவிர எல்லாரும் அவனுக்கு ‘ப்ரோ’. பால்காரர் ப்ரோ, கொரியர்காரர் ப்ரோ. ஒருநாள் பக்கத்துத் தெருச் சாவு வீட்டில், மாலையோடு போய் நின்று, செத்தவரின் மகனிடம் “ஸ்ட்ராங்கா இரு ப்ரோ” என்றான். அந்தப் பையன் அழுவதை நிறுத்திவிட்டு இவனை ஒரு பார்வை பார்த்தான்.

அவன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவான். ஏனென்று கேட்டேன்.

“தமிழ்ல தட்டறதுக்கு லேட்டாவுதுண்ணே.”

“அப்படி என்னா அவசரம் உனக்கு?”

“காலம் அப்படி ப்ரோ... அண்ணே.”

அன்று காலை அவன் தட்டியதைப் பிற்பாடு என் மகள் வினோதினி எனக்குப் படித்துக் காட்டினாள். பி.காம் படிக்கிறாள். எனக்கு அந்த எழுத்து தெரியாது என்பதால் அவள் வாயால் கேட்டபடியே எழுதுகிறேன்:

“பெரியவர செஞ்சாச்சு ப்ரோ. ஒடம்பு வெடிச்சிடுச்சி. தல மட்டும் சேஃபா இருக்கு. நாளைக்கு முடிச்சிடலாம்.”

முடிவில் ஒரு நெருப்புப் படம். நெருப்பு போட்டால் ‘பிரமாதம்’ என்று அர்த்தமாம். பொம்மை வெடித்ததில் என்ன பிரமாதம் என்று எனக்கு விளங்கவில்லை. “சும்மா ஒரு கெத்துக்குண்ணே” என்றான்.

இதைச் சிங்கப்பூருக்குத்தான் அனுப்பியதாக நினைத்தான். ஆனால் மூத்த மகன், ஆல்பம் போடப்போவதாகச் சொல்லிப் பழைய போட்டோக்களைச் சேர்க்க ‘அப்பா அறுபது’ என்று ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருந்தார். முக ஜாடை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏழுமலையின் நம்பரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார். செய்தி அந்தக் குரூப்பில் விழுந்தது. பிள்ளைகள், தங்கைகள், மச்சான்கள், பங்காளிகள் என்று மொத்தச் சொந்தத்தோடு கலியபெருமாளும் உட்கார்ந்திருந்த குரூப் அது.

வைரல், சம்பவம், மற்ற வியாதிகள்

இங்கே கொஞ்சம் நின்று என் ஆத்திரத்தை இறக்கி வைக்கிறேன்.

‘சம்பவம்’ என்று ஒரு சொல் இருந்தது. போலீஸ்காரர்கள் ‘சம்பவ இடம்’ என்பார்கள். பேப்பரில் அந்தச் சொல்லைப் பார்த்தால் யாரோ போய்விட்டார்கள் என்று நெஞ்சு ஒரு நொடி நிற்கும். இப்போது பிரியாணியில் லெக் பீஸ் இருந்தால் அது சம்பவம்.

‘வைரல்’ என்பது எங்களுக்குக் காய்ச்சல். எங்கள் பட்டறைக் குதிரைப் பொம்மையை யாரோ படமெடுத்துப் போட, அது நாலா பக்கமும் ஓடியது. வினோதினி ஓடிவந்து, “அப்பா, உங்க குதிரை வைரல் ஆயிடுச்சி” என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி தனம் கேட்டாள்: “ஐயையோ, ஊசி போட்டாங்களா?” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தனம் கேட்டதில் என்ன தப்பு? வைரல் வந்தால் ஊசிதானே போடுவார்கள்?

ஜங்ஷன் ரோட்டில் நடந்து பாருங்கள். ஒரு கடையில் ‘ரீசார்ஜ்’. அடுத்ததில் ‘ரீச்சார்ஜ்’. அதற்கடுத்ததில் ‘ரிச்சாஜ்’. கொஞ்சம் தள்ளி ஒரு புண்ணியவான் ‘ரீ சாச்சு’ என்றே எழுதி, சுற்றிச் சீரியல் பல்பு கட்டியிருக்கிறார். இவர்களை நான் திட்டமாட்டேன். இவர்கள் என் சாதி, தெரியாமல் எழுதுகிறவர்கள். காதில் விழுந்ததைக் கையால் பிடிக்கப் பார்த்துத் தவறவிட்டவர்கள்.

செல்போன் வந்த புதிதில் எங்கள் பட்டறையில் மண் பிசிறு தேய்க்கிற அஞ்சலைக்கு ‘மிஸ்டு கால்’ புரியவில்லை. ‘மிஸ்கால்’ என்று காதில் விழுந்தது. பிள்ளைகள் டீச்சரை ‘மிஸ்’ என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியவள். போன் ஒரு முறை அடித்து நின்றால், “எந்த மிஸ்ஸு கூப்புடறாங்க? பையன் இன்னிக்கு ஸ்கூலுக்குப் போவலியா?” என்று பதறுவாள். அந்தத் தப்பில் ஒரு தாய் இருந்தாள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம், கோபப்பட்டதில்லை.

கோபம் வருவது மற்றவர்கள் மேல். பெரிய படிப்புப் படித்துவிட்டு, முழுச் சொல் எழுதினால் கை நோகும் என்று பாதியில் விட்டுப் போகிறவர்கள் மேல். இப்படிச் சொன்னால் என் மகள் என்னைப் ‘பூமர்’ என்கிறாள். நான் அதை ஒரு மிட்டாயின் பெயர் என்று நினைத்து, ஏதோ செல்லமாகக் கூப்பிடுகிறாள் என்று ரொம்ப நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். காலம் புரியாத கிழவன் என்று அர்த்தமாம். சந்தோஷமும் போயிற்று.

இதில் எங்கள் வயிற்றில் அடித்த சொல் ஒன்று உண்டு. ‘செய்’.

நாங்கள் பொம்மை செய்கிறவர்கள். பிள்ளையார் செய்தோம், யானை செய்தோம், ஊறுகாய் ஜாடி செய்தோம். “என்னா செஞ்சிட்டிருக்கீங்க?” என்று யாராவது கேட்டால் “முருகரை” என்போம். அந்தச் சொல்லை ரவுடிகளிடமிருந்து சினிமாக்காரர்கள் வாங்கி, சினிமாக்காரர்களிடமிருந்து போன்காரர்கள் வாங்கி, இப்போது ‘அவனை செஞ்சுட்டாங்க’ என்றால் அவன் கதை முடிந்தது என்று அர்த்தம். ‘வெச்சு செஞ்சுட்டாங்க’ என்றால் நிறுத்தி வைத்து அவமானப்படுத்தினார்கள் என்று அர்த்தம். எங்கள் தொழிலே அச்சை வைத்துச் செய்வதுதான். நாங்கள் எங்கே போவது?

கார் வந்து நின்றது

அன்றைக்குக் கலியபெருமாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. போனில் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் வரப்புத் தகராறில் அவருக்கும் அவருடைய தம்பிக்கும் கைகலப்பு வரை போயிருந்தது. தெரியாத நம்பரிலிருந்து, சிங்கப் படத்தோடு, ‘பெரியவர செஞ்சாச்சு’ என்று செய்தி. பின்னால் ஒரு நெருப்பு. அப்பாவின் போன் அணைந்து கிடக்கிறது. வீட்டார் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஏழுமலையின் போன் பையில், பை ஆணியில், அவன் சூளைக்குப் பின்னால். அடித்து அடித்து ஓய்ந்தது. சிங்கப்பூர் மகன் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுகிறவர். அவரும் எடுக்கவில்லை. நம்பரைப் போட்டால் பெயரும் இடமும் காட்டுகிற ஏதோ ஒன்றில் பார்த்துக்கொண்டு, நேரே எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார்கள்.

ஒரு கார். பின்னால் பைக்குகள். காரிலிருந்து முதலில் இறங்கியவர் கலியபெருமாளின் இளைய மகன் தினேஷ். பின்னால் விருத்தாசலத்திலேயே வாழ்க்கைப்பட்ட மகள் மங்கை, வழியில் ஏறிக்கொண்டவர். செருப்பு இல்லாத கால். போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கிறார்.

முதலாளி கடலூர் போயிருந்தார். வாசலுக்குப் பக்கத்தில் நான்தான். நாலு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் பேசவில்லை. என் அக்காதான் பேசினாள்.

“எவன்டா ஏழுமலை?”

“உள்ள இருக்கான்ங்க.”

“எங்க அப்பாவ என்னாடா பண்ணீங்க?”

அட, பொம்மை விஷயம் தெரிந்துவிட்டது போல, சொல்லாமல் செய்ததில் கோபம் போல என்று நினைத்தேன். வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, இருந்த தைரியத்தை எல்லாம் ஒன்று திரட்டி, என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தின் முன்னால் பேசிய முதல் பேச்சைப் பேசினேன்.

“செஞ்சிட்டம்ங்க. ஒடம்புதான் வெடிச்சிடுச்சி. தலை எங்கிட்டதான் இருக்குது. துணி சுத்தி வெச்சிருக்கேன்.”

தினேஷின் கை என் கன்னத்தில் விழுந்தது.

கண்ணில் சூளையின் உள்வாய் தெரிந்தது. களிமண் மூட்டைமேல் போய் விழுந்தேன். மங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அந்த வாயை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த அறைக்குக் கை ஓங்கியபோது, அஞ்சலை குறுக்கே பாய்ந்தாள். மண் கை இரண்டையும் விரித்துக்கொண்டு கத்தினாள்.

“பொம்மடா! பொம்ம! பொம்மையச் செஞ்சோம்டா! இங்க என்னா கசாப்புக் கடையா நடக்குது? கண்ணு இல்ல?”

மங்கையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய்ப் பலகைமுன் நிறுத்தினாள். ஈரத்துணியை எடுத்தாள்.

மங்கை முதலில் ஓர் அலறல் அலறினார். பிறகு பார்த்தார். களிமண் நிறத்தில் அப்பா. கீறி முடிக்காத மீசை. மெதுவாகக் கையை நீட்டி அந்தக் காதைத் தொட்டார். விரலில் ஈர மண் ஒட்டியது. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. அஞ்சலையின் தோளில் சாய்ந்து அழுதார்.

நான் மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எழுப்பவில்லை. தினேஷ் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

ஏழுமலையா? அச்சு அடுக்கி வைக்கிற அறையில், ஒரு பெரிய யானை அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். சம்பவம் ஏழுமலை.

ரீப்பர் கட்டை

உயிரோடு இருக்கிற கலியபெருமாள் மத்தியானம் நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். நெற்றியில் நாமம், கையில் பிரசாதப் பொட்டலம். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு டீக்கடையில் சார்ஜ் போட்டுப் போனைத் திறந்தவுடன் மகள் பேசியிருக்கிறார்.

வந்தவர் தன் தலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மூக்கு இம்மாம் பெரிசாவா இருக்குது எனக்கு?”

அவருக்கும் என்னைப் போலத் தமிழ் எழுத்து மட்டும்தான். போனை மகளிடம் நீட்டினார்.

“எதோ மளமளன்னு வந்து விழுந்திருக்குது. படி.”

மங்கை பார்த்தார். படிக்கவில்லை.

“படின்றேன்ல.”

“ரிப்புன்னு போட்டிருக்காங்கப்பா.”

“ரிப்புன்னா என்னா? ரீப்பர் கட்டையா? எவன் வூடு கட்டறான்?”

“செத்துப் போனவங்களுக்குப் போடறதுப்பா.”

பெரியவர் பிரசாதப் பொட்டலத்தைப் பலகையில், தன் தலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“யாரு யாரு போட்டது?”

மங்கை பெயர்களைச் சொன்னார். அத்தை மகன், சித்தி மருமகன், மச்சான், சம்பந்தி வீட்டார். ஒருவர் அவருடைய போட்டோவுக்கு மாலை வரைந்தே போட்டுவிட்டார். ஒரே ஒருவர் மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தார். அடுத்த வரியில் அவரும் ரிப் போட்டுவிட்டார்.

“ஒருத்தனாவது வூட்டுக்குப் போன் போட்டு என்னா ஏதுன்னு கேட்டானா?”

“இல்லப்பா.”

“செத்தேனா இல்லியான்னு பாக்க நேரமில்ல. முழுசா எழுதவும் நேரமில்ல. அப்பிடி எங்கடா ஓடறானுங்க இவனுங்க?”

இதைவிட நன்றாக நான் எழுதிவிட முடியாது.

கடைசியில் ஒரு குரல் செய்தி இருந்தது. வரப்புக்காகச் சண்டை போட்ட தம்பி அனுப்பியது. மங்கை அதைப் போட்டார். பட்டறை முழுக்கக் கேட்டது.

“அண்ணே... அண்ணே, போன எடுண்ணே. வரப்பு போனாப் போவுதுண்ணே. நீயே வெச்சிக்க. எடுண்ணே...”

அதற்கு மேல் அழுகைதான். பெரியவர் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு மகளிடம் போனைக் காட்டிச் சொன்னார்:

“இத மட்டும் அழிச்சிடாத. வரப்புக் கேசுக்கு ஆவும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தார். என் கன்னம் எரிந்துகொண்டிருந்ததால் நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்போடு அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். பெரியவர் மட்டும் போகும்போது என் பக்கம் திரும்பி, “மீசை நல்லா வந்திருக்குது” என்றார். நான் அடி வாங்கியது அவருக்குத் தெரியாது. அடித்தவர் சொல்லவில்லை.

உயிரெழுத்து இல்லாத மன்னிப்பு

சாயங்காலம் ஏழுமலை என் வீட்டுக்கு வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

“அண்ணே, அந்தத் தம்பி உங்ககிட்ட சாரி கேட்டிருக்காரு. பாருங்க.”

போனை வினோதினியிடம் கொடுத்தேன்.

“எஸ், ஆர், ஒய் போட்டிருக்காருப்பா. பக்கத்துல, அடிபட்ட அங்கிள்கிட்ட சொல்லிடுங்கன்னு இருக்கு.”

“எஸ் ஆர் ஒய்யின்னா?”

“சாரியச் சுருக்கி எழுதறது.”

“எதை எடுத்துட்டாங்க?”

“நடுவுல இருக்கற உயிரெழுத்து.”

அறை முழுசாக விழுந்தது. அஞ்சு விரலும் பதிந்து விழுந்தது. அதில் எதையும் அவர் சுருக்கவில்லை. மன்னிப்பில் மட்டும் உயிரை எடுத்துவிட்டு மெய்யை அனுப்பியிருக்கிறார். அதுவும் எனக்கு இல்லை, ஏழுமலைக்கு.

“அவ்வளவுதான்ப்பா இப்பல்லாம். ‘கே’ன்னு ஒரே எழுத்து போட்டு முடிச்சிடு” என்றாள் மகள்.

“நான் எதையும் முடிக்கல.”

ஏழுமலை நெளிந்தான். “அண்ணே... நான் அப்பவே ரிப்ளை போட்டுட்டேன். ‘பரவால்ல ப்ரோ’ன்னு.”

“யாரக் கேட்டுப் போட்ட?”

“கட்டை வெரல் படமும் போட்டுட்டேன்.”

என் கன்னத்துக்கு இவன் மன்னித்துவிட்டான்! அதற்கு ஒரு கட்டைவிரலும் கொடுத்துவிட்டான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தனம் மஞ்சளும் உப்பும் குழைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டே, “வுட்டுத் தள்ளுங்க, பொடிப் பையன்” என்றாள். வீக்கம் மறுநாளே வடிந்தது. எனக்குள் இருந்தது வடியவில்லை. பட்டறையில் எல்லாப் பெண்களுக்கும் நடுவில், ஒரு நல்ல வார்த்தை சொன்னதற்கு அடி வாங்கியிருக்கிறேன். அதே இடத்தில், அதே ஆட்களுக்கு நடுவில், எனக்கு ஒரு வார்த்தை வர வேண்டியிருந்தது. வாயால் வர வேண்டியிருந்தது.

கேட்டு வாங்கவும் எனக்கு வாய் இல்லை.

விடாத கை

உடம்பை மறுபடி செய்தோம். இந்த முறை ஈரம் போக நன்றாகக் காயவிட்டு, மெல்லச் சூடேற்றினோம். தலையும் வெந்தது. ஒட்டி, வண்ணம் தீட்டி, வேட்டிக் கரைக்குப் பச்சை போட்டபோது பெரியவரே உயிரோடு எழுந்து நின்றுவிடுவார் போலிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் பொம்மையை எடுத்துப்போக தினேஷ் வந்தார். தனியாகத்தான் வந்தார். காதில் ஏதோ மாட்டியிருந்தார். யாரிடமோ “செம்மயா வந்திருக்கு மச்சி” என்று பேசிக்கொண்டே பொம்மையைப் பார்த்தார். அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தோம். பெட்டிக்குள் இறக்க நான் பொம்மையைத் தூக்கினேன். அவர் மறுபக்கம் கை கொடுத்தார்.

நான் விடவில்லை.

திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. கை விடமாட்டேன் என்றது. அவ்வளவுதான்.

“அங்கிள், நான் புடிச்சிட்டேன். விடுங்க.”

நான் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் காதில் இருந்ததைக் கழற்றினார்.

“மெசேஜ் போட்டனே அங்கிள். பாக்கலியா?”

“எனக்கு அந்த எழுத்து தெரியாதுங்க.”

“ஏழுமலை அண்ணன் பரவால்லன்னு ரிப்ளை பண்ணாரே.”

“அவன் கன்னம் வேற.”

பிசிறு தேய்க்கிற பெண்களிடமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து சட்டென்று நின்றது. ஏழுமலை சூளைக்குப் பின்னால் போய்விட்டான்.

“சாரி அங்கிள்” என்றார் தினேஷ். பஸ்ஸில் சில்லறை கொடுப்பது போலச் சொன்னார். என் கை அப்படியே இருந்தது.

அவர் சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவர் காது சிவந்தது. பிள்ளைக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். சொல்ல வாய் திறந்தார், வரவில்லை. மறுபடி திறந்தார். தட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருப்பார். சொல்ல வேண்டும் என்றதும் எச்சில் விழுங்கினார். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். தெரிந்ததால் இரக்கப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். நன்றாக விழுங்கட்டும் என்று நின்றேன்.

“அடிச்சது...” என்று முனகினார்.

“சத்தமாச் சொல்லுங்க தம்பி, சூளை எரியற சத்தத்துல காது கேக்கல” என்றாள் அஞ்சலை. அன்றைக்குச் சூளை எரியவே இல்லை.

தினேஷ் நிமிர்ந்தார்.

“உங்கள அடிச்சது தப்புங்க. என்னா ஏதுன்னு கேட்டிருக்கணும், கேக்காம கை வெச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க.”

அங்கிள் இல்லை. எங்கள் ஊர்த் தமிழ். ஓர் எழுத்துகூட உதிரவில்லை. சொல்லி முடிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அதைச் சுருக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

நான் கையை விட்டேன். பொம்மையின் கனம் முழுவதும் அவர் கைக்குப் போயிற்று. தடுமாறினார்.

“பாத்துங்க” என்றேன். “கழுத்துல புடிக்காதீங்க. அடியில கை குடுங்க.”

விருத்தாசலம்,
ஆவணி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை.